ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே

இன்னும் வெளிச்சம் போகவில்லை. போகிறபோது போகட்டும், எனக்கென்ன அவசரம் என்று சொல்லிக்கொள்கிறேன், கயிற்றைப் பிடித்திருக்கிற கை மட்டும் அதை நம்பமாட்டேன் என்கிறது, வியர்த்து வழிகிறது, சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் பிடிக்கிறேன். துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆயிற்று. கயிறு என் கையிலிருந்து கிளம்பிச் சுவர் ஓரமாக ஏறி, ஓட்டுக்கு அடியில் என் வீட்டுக்காரர் மாட்டிய சின்னக் கப்பியில் திரும்பி, ஒரு தகரக் கதவில் முடிகிறது. கதவு இப்போது தூக்கி நிற்கிறது. நான் கையை விட்டால் அது விழுந்து பொந்தை மூடிக்கொள்ளும். பிடித்திருப்பது பெரிய வேலையில்லை, சரியான நேரத்தில் விடவேண்டும், அதுதான் வேலை. சீலிங்குக்கு மேலே குடியேறியிருக்கிற மரநாய் அந்தப் பொந்திலிருந்து முழுசாக வெளியே வந்து, ஓட்டின்மேல் நடந்து, மதில் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போன பிறகு விடவேண்டும். முந்தி விட்டால் அதன் முதுகில் விழும், பிந்தி விட்டால் எதையாவது மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தாலும் வரும். நானாக இருந்தால் திரும்பி வருவேன், வீட்டைப் பூட்டினேனா இல்லையா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனை தடவை திரும்பி வந்திருக்கிறேன். "ஏம்புள்ள, போயிருச்சா?" என்று உள்ளேயிருந்து அவர் குரல். "இன்னும் இல்லீங்க, கம்முனு இருங்க" என்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல். அவருக்கு என்னைவிடப் பதற்றம். நாளைக்குப் பத்து மணிக்கு எமிலி மேடம் வருகிறார். தத்து கொடுக்கிற ஆபீசிலிருந்து, கடைசியாக ஒருதடவை வீட்டைப் பார்க்க. நாளன்றைக்கு ஆதிரை வருகிறாள். ஒரு வருஷம் ஏழு மாசக் குழந்தை. நினைத்த உடனே கயிறு அரை அங்குலம் நழுவுகிறது, பிடித்துக்கொள்கிறேன்.

இந்தச் சீலிங் இல்லாவிட்டால் இந்தக் கூத்தே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது எமிலி மேடம் நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை வாங்கிக்கொண்டு மேலே பார்த்தார். ஓட்டுக்கு இடையில் வானம் ஒரு பொட்டு தெரிந்தது. "மேல இருந்து தேள், பூரான் ஏதாச்சும் விழுங்களா?" என்று கேட்டார், சும்மாதான் கேட்டார், கேட்டுவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார். அந்த ஒரு வரியை நாங்கள் இரண்டு பேரும் நாலு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம், பார்க்காமலே. விண்ணப்பத்தில் குழந்தைக்குத் தனி அறை உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது, உண்டு என்று எழுதியிருந்தோம், நெல் மூட்டை போட்டிருந்த அறையை நினைத்து எழுதியது. கைக்குழந்தையாகத்தான் கேட்டிருந்தோம், பிறகு ரெண்டு வயசுக்குள் என்றால் போதும் என்றோம், காத்திருந்தோம், தை மாசம் போன் வந்தது, உங்கள் முறை வந்துவிட்டது என்று. அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறவர், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கை, அதற்குச் சீலிங் போடத் தெரியாதா. அந்த நெல் மூட்டை அறைக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை பி.வி.சி. பட்டை, அதில் சின்னச் சின்னப் பூ. ஓட்டுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு இடம் விட்டுத் தட்டுப்போல் அடித்தார். சீலிங் முடிந்ததும் இருவரும் பாயைப் போட்டுப் படுத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிடந்தோம், ஒரு தேளும் விழாது. பதினைந்து நாள் கழித்து மேலே யாரோ நடந்தார்கள். நாங்கள் ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஒரு அறை கட்டிக் கொடுத்திருக்கிறோம், இருட்டு, கதகதப்பு, மழை படாது, ஆள் நடமாட்டம் கிடையாது, எந்த மரநாய் வேண்டாமென்று சொல்லும். பெயர்தான் நாய், பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, வால் உடம்பளவு நீளம். அது வந்ததிலிருந்து சாயங்காலமானால் அறையில் புதுப்பச்சரிசி வேகிற வாசம், அதன் உடம்பு வாசம்தானாம். முதல் நாள் நான் அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

என்னென்ன செய்தோம். அந்துருண்டை ஒரு கிலோ வாங்கிச் சீலிங் ஓரமாக உருட்டி விட்டோம், மறுநாள் காலையில் பாதி உருண்டை வாசலில் கிடந்தது, தள்ளி விட்டிருக்கிறது, இதை நீயே வைத்துக்கொள் என்று. மிளகாய் வற்றல் புகை போட்டோம், நாங்கள் இரண்டு பேரும் இருமி இருமித் தோப்புக்கு ஓடினோம், அது ஓடவில்லை. ரேடியோவை நாள் முழுக்க அலற விட்டோம், எனக்குத் தலைவலி வந்தது. ஓட்டைத் தொடுகிற மாமரக் கிளையை வெட்டினார், பக்கத்துத் தென்னைக்குத் தகரப் பட்டை சுற்றினார், அது மதில் வழியாக வர ஆரம்பித்தது. ஒறம்பரை வந்தால்கூட மூன்று நாளில் கிளம்புவார்கள் என்று சிரித்தார் அவர், எங்கள் பக்கம் விருந்தாளியை அப்படித்தான் சொல்வோம். பக்கத்துத் தோட்டத்து ராசப்பன் கண்ணி வைத்துத் தருகிறேன் என்று வந்து நின்றான், "கறி ஒடம்புச் சூட்டுக்கு அத்தன நல்லதுக்கா" என்று நாக்கைச் சப்புக்கொட்டினான், போடா அக்கட்ட என்று விரட்டினேன். பிறகுதான் வனத்துறைக்குப் போன் செய்தேன். வனக்காவலர் ஒருத்தர் பேசினார், நல்ல மாதிரி, பொறுமையாகப் பேசினார். "அடிக்கப்படாதுங்கம்மா, விசம் வெக்கப்படாது, கேஸ் ஆயிரும். பொழுது எறங்குனா அது எரை தேடிப் போவும். போனதுக்கப்பறம் ஓட்டைய அடைச்சு உடுங்க, கம்பி வலை போட்டு ஸ்குரு முடுக்கிருங்க, அவ்வளவுதான். குட்டி எதாச்சும் இருக்குதுங்ளா?" "இல்லீங்க" என்றேன். பார்க்கவில்லை. கேட்டுப் பார்க்கவில்லை, யோசிக்கக்கூட இல்லை, கேள்வி முடிவதற்குள் பதில் வாயில் வந்துவிட்டது. பதினாறு வருஷமாக அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், ரேஷன் கார்டு எழுதுகிற இடத்தில், குழந்தைங்க இருக்குதுங்ளா, இல்லீங்க. போனை வைத்த பிறகுதான் அவர் என்ன குட்டியைக் கேட்டார் என்று புரிந்தது. திரும்பப் போன் செய்து, தெரியாதுங்க, பார்க்கலீங்க என்று சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. இருந்தால் என்று அவர் ஆரம்பிப்பார், இருந்தால் ஒரு மாசம் பொறுங்க என்பார், எனக்கு ஒரு மாசம் இல்லை, நாலு நாள்தான் இருந்தது. இருக்காது. இருந்தால் சத்தம் வந்திருக்கும். ரேடியோ அலறிக்கொண்டிருந்தது, அதில் எந்தச் சத்தம் வந்திருக்கும். இருக்காது, விடு.

நார் மில் சங்கு ஊதிவிட்டது, ஆறரை. வெளிச்சம் மஞ்சளாகிச் சாம்பலாகிறது, மதிலும் தோப்பும் ஒன்றாகச் சேரத் தொடங்குகின்றன, கொசு காதுக்குள் வந்து பாடுகிறது, அடிக்க ஒரு கை இல்லை. ஆதிரையை மூன்று தடவை பார்த்திருக்கிறோம். முதல் தடவை என் கையிலிருந்து பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள், பிஸ்கட் தீரும்வரை திரும்பவே இல்லை, அந்த முதுகையே நான் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கச் சலிக்கவில்லை. இரண்டாம் தடவை இவர் கட்டைவிரலில் ஒட்டியிருந்த வார்னிஷைச் சுரண்டிப் பார்த்தாள், சோப்புப் போட்டாலும் போகாத கறை, அதைச் சுரண்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள், இவர் திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் தடவை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், நாலு அடி. அந்த நாலு அடியும் எனக்கு மனப்பாடம். எமிலி மேடம் நாளைக்கு மேலே சத்தம் கேட்டால் என்ன எழுதுவார். பாதுகாப்பு போதாது, பிறகு பார்க்கலாம், அடுத்த குடும்பத்தைக் கூப்பிடுங்கள். அடுத்த குடும்பம் என்று ஒன்று எப்போதும் இருக்கும், எங்களுக்கு முன்னாலும் இருந்தது, நாங்களும் யாருக்கோ அடுத்த குடும்பமாகத்தான் இருந்தோம். வா, வந்து தொலை, உனக்கு இந்த ஊரில் இடமா இல்லை, தோப்பு முழுக்கத் தென்னை, மேற்கே போனால் காடு, வா தாயி, என்று கெஞ்சிக்கொண்டே அண்ணாந்து பார்க்கிறேன், அதோ, மூக்கு. முதலில் மூக்கு மட்டும். நான் மூச்சு விடவில்லை. மூக்கு இடதும் வலதும் பார்க்கிறது, பிறகு தலை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு, பிறகு உடம்பு வழிந்து வருகிறது, முடிவே இல்லாமல் வருகிறது, கடைசியில் வால். ஓட்டின்மேல் நின்று உடம்பை உதறுகிறது. எவ்வளவு அழகாக இருக்கிறது, இவ்வளவு நாள் சத்தமாகவும் வாசமாகவும் மட்டும் இருந்தது. நின்று, பொந்தைத் திரும்பிப் பார்க்கிறது. ஏன் திரும்பிப் பார்க்கிறாய், போ. போகிறது. மதில்மேல் ஓடி, ஒரு தாவு, தோப்புக்குள் இலை சலசலத்து அடங்குகிறது. பத்து வரை எண்ணிவிட்டுக் கயிற்றை விடு என்று இவர் சொல்லியிருந்தார். நான் ஆறில் விட்டுவிட்டேன்.

தகரக் கதவு விழுந்த சத்தம் தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். "மூடியாச்சுங்க, மூடியாச்சு" என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறேன், கால் எதிலோ இடித்துச் சுண்டுவிரல் வலிக்கிறது, வலிக்கட்டும், நாளைக்குப் பத்து மணிக்கு இந்த வீட்டில் ஒரு சத்தம் இருக்காது, வெள்ளைச் சீலிங்கில் பூவைப் பார்த்து எமிலி மேடம் தலையை ஆட்டுவார், நாளன்றைக்கு ஆதிரை, என் வாயில் சிரிப்பு நிற்கமாட்டேன் என்கிறது. அவர் அறையில் ஸ்டூல்மேல் நிற்கிறார். கையில் நீள ஸ்குருடிரைவர். அதன் நுனியைச் சீலிங்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். கடையில் மோட்டார் வந்தால் அவர் அப்படித்தான் கேட்பார், நுனியை மோட்டார்மேல் வைத்துக் காதைப் பிடியில் வைத்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா, உருளை உடைந்திருக்கிறதா, எல்லாம் இரும்பு வழியாகக் காதுக்கு வந்துவிடும், பிரிக்கவே வேண்டாம். கல்யாணமான புதிதில் எனக்குக் கற்றுக் கொடுத்தார், நான் கேட்டது வெறும் இரைச்சல், அவருக்கு அது பேச்சு. இப்போது அவர் சிரிக்கவில்லை. இறங்கி ஸ்குருடிரைவரை என்னிடம் நீட்டுகிறார். "கேளு" என்கிறார். ஸ்டூலில் ஏறுகிறேன், நுனியைச் சீலிங்கில் வைக்கிறேன், பிடியைக் காதில் வைக்கிறேன், முதலில் என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது. அப்புறம் கேட்கிறது. மெல்லிசாக, விட்டுவிட்டு, நகம் பிளாஸ்டிக்கைச் சுரண்டுகிற சத்தம், அதோடு ஒரு சிணுங்கல், அதற்குப் பதிலாக இன்னொரு சிணுங்கல், இன்னொன்று. மூன்று, இல்லை நாலு. இருக்குதுங்ளா என்று கேட்டாரே, இருக்குது, என் தலைக்கு மேல் ஒரு சாண் தூரத்தில் இருக்குது.

"ஒரு நாள்தான் புள்ள" என்கிறார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "மேடம் வந்துட்டுப் போவட்டும். நாளைக்கு மத்தியானம் தொறந்து உட்டர்லாம். ஒரு நாள் பால் இல்லாட்டி செத்தா போவும்?" தெரியாது. எனக்குக் குட்டிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது, ஆதிரை எத்தனை தடவை பால் குடிப்பாள் என்பதையே ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு நாள்தான். கையை இப்படியே வைத்துக்கொண்டு இருந்தால் போதும், புதிதாக ஒரு பாவமும் செய்ய வேண்டாம், செய்ததைக் கலைக்காமல் இருந்தால் போதும். நாலு வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு நாள். தோப்பில் அது இப்போது எங்கே இருக்கும், பப்பாளிக் கொல்லையிலா, திரும்பி வந்து தகரத்தை முகர்ந்து பார்க்குமா, நகத்தால் பிறாண்டுமா, பிறாண்டிப் பிறாண்டி விடியவிடிய. ஆதிரையைப் பெற்றவளைப் பற்றி நினைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன், நாலு வருஷமாக அந்தப் பக்கம் போகவே இல்லை, இப்போது இந்த ஸ்டூல்மேல் நின்றுகொண்டு போகிறேன். யாரோ ஒருத்தி எங்கேயோ திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். அவளுக்கும் பின்னால் கதவு மூடியிருக்கும், மூடியது யாரென்று எனக்குத் தெரியாது, நான் இல்லை. இதை மூடியது நான். "ஏணியப் புடிங்க" என்கிறேன். "ஏம்புள்ள, எமிலி மேடம்..." "புடிங்க" என்கிறேன். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார், அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று நடையிலேயே தெரிந்தது. தகரக் கதவை அவர் கயிற்றில் தூக்கியிருந்தால் போதும், ஆனால் நான் ஏறிப்போய் அதை அது ஏறி இறங்குகிற சட்டத்திலிருந்தே உருவிக் கீழே போட்டேன். இருந்தால் மறுபடி மூடத் தோன்றும்.

இறங்கியதும் எமிலி மேடத்துக்குப் போன் போட்டுவிட்டேன், யோசித்தால் போடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், சீலிங், மரநாய், கதவு, குட்டி, மேடம் அந்த ரூமுக்கு இப்பொ பாப்பாவ உட முடியாதுங்க, பொய் சொல்லி நாளைக்கு உங்ககிட்ட மாட்ட எனக்கு மனசில்லீங்க. "எந்த ரூமுங்க?" என்றார் மேடம். "பாப்பாவுக்குன்னு எழுதுனமே மேடம், தனி ரூமு." "ஒண்ணரை வயசுக் கொழந்தைய யாருங்க கலாமணி தனி ரூம்ல போடுவாங்க? அது ஃபாரத்துல இருக்கற கேள்வி. அவ உங்ககூடத்தான் படுப்பா." நாலு ஞாயிற்றுக்கிழமை, பூப்போட்ட சீலிங், நாங்கள் இரண்டு பேரும் பாயில் அண்ணாந்து கிடந்தது, ஒரு நாளாவது அவள் எங்கே படுப்பாள் என்று நினைத்தோமா. "அந்த ரூமப் பூட்டி வையுங்க, நான் நாளைக்கு வந்து பாக்கறேன்" என்றார் மேடம். "தாய் திரும்பி வந்துதா?" "இன்னும் இல்லீங்க." "வந்துச்சுன்னா ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க. எத்தன நேரமானாலும் சரி."

மறுபடியும் துவைக்கிற கல். இப்போது கையில் கயிறு இல்லை, அவர் பக்கத்தில் வந்து குந்தியிருக்கிறார். முன்னே போ போ என்றேன், இப்போது வா வா என்கிறேன், அதே நெஞ்சு அதே வேகத்தில் அடிக்கிறது. சத்தத்துக்குப் பயந்து ஒரேயடியாகப் போயிருந்தால். நான்தான் ஆறில் விட்டேன். ஏழே முக்கால் ஆயிற்று, தோப்பில் எது அசைந்தாலும் இவர் என் முழங்கையைத் தொடுகிறார், எல்லாம் காற்று. பிறகு காற்றில்லாமல் ஒரு மட்டை அசைந்தது. மதில்மேல் அது வந்து நின்றது, எங்களைப் பார்த்தது, நாங்கள் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருந்தோம், வெகுநேரம் பார்த்தது, பிறகு எங்களைக் கணக்கில் எடுக்காமல் ஓட்டின்மேல் நேராக நடந்து பொந்துக்குள் போனது. ஸ்குருடிரைவர் இல்லாமலே கேட்டது, நாலும் ஒரே நேரத்தில். போனை எடுத்துச் சொன்னேன், "வந்துட்டா மேடம்." "நல்லது. நாளன்னிக்குக் காலைல ஒம்பது மணிக்கு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க" என்றார், வைக்கப்போகிறவர்போல் நிறுத்திவிட்டு, "அப்பறம் ஒண்ணு கலாமணி, ஆயாம்மா சொல்லச் சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேன். அவ தூங்கறப்ப பக்கத்துல படுத்திருக்கறவங்க காதைப் புடிச்சுக்குவா. புடிக்காட்டித் தூங்க மாட்டா." போனை மடியில் வைத்துவிட்டு என் காதைத் தொட்டுப் பார்க்கிறேன். கம்மலின் கல்லைச் சுற்றி நாலு கூரான முனை, இத்தனை வருஷத்தில் குத்தும் என்று தெரியவே தெரியாது. திருகைக் கழற்றுகிறேன், ஒன்று, இன்னொன்று. "வெளக்கு வெச்ச நேரத்துல எதுக்குப் புள்ள கம்மலக் கழட்டறே?" என்கிறார் அவர் பதறிப்போய். இரண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்து மூடுகிறேன், எதற்கென்று சொல்கிறேன்.